ஆபத்தான சாதனத்தைக் கண்டதும் தகரம் அடித்துவிடலாமா?

கேள்வி, 11 பிப்ரவரி 2024

அண்ணா, எங்கள் கம்பெனியில் நாக் (நெட்வொர்க் அக்சஸ் கன்ட்ரோல், நெட்வொர்க்குக்குள் எதை விடலாம் என்று பார்க்கும் அமைப்பு) வாங்கிவிட்டார்கள். திருப்பூர், மூன்று யூனிட், 400 போர்ட் இருக்கும். விற்றவர்கள் இரண்டு வாரத்தில் முடித்துத் தருகிறோம் என்கிறார்கள். தெரியாத சாதனம் எது சொருகினாலும் தானாகக் குவாரன்டைனுக்குப் போய்விடுமாம். அப்படியே ஆன் செய்துவிடலாமா? என்னைக் கேட்டால் தெரியாதது எல்லாமே ஆபத்துதான். முதலில் பூட்டு, கேள்வி அப்புறம். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

11 பிப்ரவரி 2024, இரவு 10.05

வேண்டாம் தம்பி. இரண்டு வாரத்தில் முடியும். மூன்றாவது வாரம் நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள்.

11 பிப்ரவரி, இரவு 10.50

ஒரு வரியில் பயமுறுத்திவிட்டுத் தூங்கப் போவது நியாயமில்லை. விஷயத்துக்கு வருகிறேன்.

நான் கோவைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் நெட்வொர்க் பார்க்கிறேன். 350 படுக்கை, 41 சுவிட்ச் (கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் பெட்டி; அதில் கேபிள் சொருகும் துளைதான் போர்ட்). எங்களுக்கும் இந்த வேலை ஜனவரியில்தான் தொடங்கியது. மென்பொருள் இலவச பேக்கட்ஃபென்ஸ்தான். சர்வர் மட்டும் வாங்கினோம். இன்டென்ட்டில் ‘நாக் சர்வர்’ என்று எழுதிக் கொடுத்தேன். ஸ்டோர்ஸ்காரர் ‘கு’ விட்டுப்போச்சுங்களா என்று கேட்டார். கல்லூரிகளில் இருப்பவர்கள் இந்த இழையைப் பார்த்து வேர்க்க வேண்டாம், இது கல்லூரிகளுக்குத் தரம் போட வரும் அந்த நாக் கமிட்டி அல்ல.

நாக் செய்வது இரண்டு வேலை. வந்திருப்பது யார் என்று கேட்பது ஒன்று, பதிலைப் பார்த்து எந்த அறைக்கு அனுப்பலாம் என்று முடிவு செய்வது இன்னொன்று. லேப்டாப்புக்கு 802.1எக்ஸ் என்ற அடையாள விசாரணை முறை தெரியும், சுவிட்ச் கேட்டால் சான்றிதழை எடுத்துக் காட்டும். பிரிண்டர், கேமரா, பயோமெட்ரிக் மெஷின் பெரும்பாலும் அந்தக் கேள்விக்கு வாயே திறக்காது. சுவிட்ச் மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, சரி என்று அதன் மேக் முகவரியையே (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) பெயராக வைத்து, யாரை விடலாம் என்று பதில் சொல்லும் ரேடியஸ் சர்வரிடம் விசாரிக்கும். அதுதான் எம்.ஏ.பி. (மேக் ஆத்தென்டிகேஷன் பைபாஸ்). ஆதார் இல்லாதவரை முகத்தைப் பார்த்து உள்ளே விடுவது மாதிரி. முகமூடி போட்டு வந்தால் என்ன செய்வது என்றால், அது பின்னால் வரும் கதை.

எங்களிடம் இருக்கும் சாதனங்களில் பாதிக்கு மேல் எம்.ஏ.பி. வழியாகத்தான் வருகின்றன. உங்கள் தையல் யூனிட்டிலும் அப்படித்தான் இருக்கும். ‘தெரியாதது’ என்று நாக் சொல்வது அதற்குத் தெரியாததை. அது ஆபத்தா என்பது வேறு கேள்வி.

அதனால் ஐந்து வாரம் நாங்கள் எதையும் தடுக்கப் போவதில்லை. சுவிட்சை ஓப்பன் மோடில் வைத்திருக்கிறோம். கேள்வி கேட்கும், பதிலை எழுதிக்கொள்ளும், பதில் என்னவானாலும் உள்ளே விட்டுவிடும். விற்றவர்களிடம் அந்த மோடு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

18 பிப்ரவரி, மாலை

நாலு வாரக் கணக்கு வந்துவிட்டது. சொத்துப் பதிவேட்டில் 640 சாதனம். சுவிட்ச்கள் கண்டது 1,012.

மீதி 372 என்ன என்று நோட்டும் நீலப் பேனாவுமாக மாடி மாடியாக நடந்தேன். டோக்கன் நம்பர் காட்டும் டி.வி. கேன்டீன் பில்லிங் மெஷின். ஏ.சி. கன்ட்ரோலர்கள். லிஃப்ட்டுக்குள் இருக்கும் அவசரத் தொலைபேசி. ரத்த வங்கி ஃப்ரிட்ஜின் வெப்பநிலையைக் குறித்துவைக்கும் லாகர். நர்ஸ் ஸ்டேஷன் மேஜைக்கு அடியில் யாரோ சொந்தக் காசில் வாங்கி வைத்த வைஃபை பெட்டி. அதன் கடவுச்சொல் அந்த வார்டு எண். சின்ன எட்டு போர்ட் சுவிட்ச் மட்டும் பதினொன்று, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு குடும்பம்.

அந்தச் சின்ன சுவிட்ச்களைக் கவனியுங்கள். 802.1எக்ஸ் உரையாடல் போகும் மல்டிகாஸ்ட் முகவரியை விதிப்படி நடக்கும் சுவிட்ச் முன்னே அனுப்பாது, விழுங்கிவிடும். அதற்குப் பின்னால் இருக்கும் நல்ல லேப்டாப்கூட ஊமையாகத் தெரியும்.

சாதனம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒருவர் கேட்டிருந்தார். மேக்கின் முதல் மூன்று பைட்டில் தயாரித்தவர் பெயர் கிடைக்கும், ஆனால் அது கார்டு செய்தவர் பெயர்தான். அதைவிட நல்லது டி.எச்.சி.பி., அதாவது சாதனங்களுக்கு ஐ.பி. முகவரி கொடுக்கும் முறை. ஒரு சாதனம் ஐ.பி. கேட்கும்போது கூடவே ‘எனக்கு இதுவும் இதுவும் வேண்டும்’ என்று ஒரு பட்டியல் தரும், 55ஆம் ஆப்ஷன். அந்த வரிசை ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் வேறு. பந்தியில் உட்கார்ந்தவர் இலையில் முதலில் எதைத் தொடுகிறார் என்று பார்த்தே ஊரைச் சொல்லும் கிழவிகள் உண்டு அல்லவா, அந்த வித்தை. 60ஆம் ஆப்ஷனில் விண்டோஸ் தன்னை ‘எம்.எஸ்.எஃப்.டி. 5.0’ என்று சொல்லிக்கொள்ளும். கேமரா, லாகர் மாதிரி குட்டி லினக்ஸ் பெட்டிகள் பல ‘யு.டி.எச்.சி.பி.’ என்று ஒரே குரலில் பேசும். இந்த ஒரே குரல் பிரச்சினையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு விருந்தாளி. தரைத்தளம் கிழக்கு, 17ஆம் போர்ட். மேக்கின் முதல் பாதி பி8:27:ஈபி, அதாவது ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவு கணினி. தினமும் விடிகாலை 4.20க்கு எழுகிறது, மணி என்ன என்று என்.டி.பி.யில் கேட்கிறது, 6.30க்குக் காணாமல் போகிறது. வேறு ஒரு பேச்சும் இல்லை. போர்ட்டிலிருந்து போகும் கேபிள் ஆபரேஷன் தியேட்டர் நடைபாதையின் ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஏறி மறைந்துவிடுகிறது. அந்த சீலிங்கைத் திறக்கத் தொற்றுத்தடுப்புக் கமிட்டி அனுமதி வேண்டும். மனு கொடுத்திருக்கிறேன்.

19 பிப்ரவரி

‘ராஸ்பெர்ரி பை என்றால் உடனே பிடுங்க வேண்டாமா, நாசா கதை தெரியாதா’ என்று கேட்டவருக்கு: தெரியும், அதனால்தான் இரவில் தூக்கம் வரவில்லை. 2018இல் நாசாவின் ஜெட் புரொபல்ஷன் லேபில் அனுமதியில்லாமல் மாட்டிய ஒரு ராஸ்பெர்ரி பை வழியாக நுழைந்து சுமார் 500 மெகாபைட் எடுத்துப்போனார்கள். அவர்களுடைய சாதனப் பதிவேடும் அரைகுறைதான் என்று தணிக்கை அறிக்கை சொன்னது. ஆனால் நான் இருப்பது மருத்துவமனை. தியேட்டர் நடைபாதையில் ஓடும் கேபிளின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் பிடுங்கும் தைரியம் எனக்கு இல்லை.

9 மார்ச்

பட்டியலில் ஒரு கட்டம் சேர்த்தேன்: ‘யார் பொறுப்பு’. துறையின் பெயர் போதாது. இரவு இரண்டு மணிக்கு அழைத்தால் எடுக்கிற ஒரு ஆளின் பெயரும் மொபைல் எண்ணும் வேண்டும். 1,012 வரிசையில் 300க்கு மேல் காலி. ஏ.சி. கன்ட்ரோலருக்கு எலக்ட்ரிகல் பயோமெடிக்கலைக் காட்டுகிறது, பயோமெடிக்கல் மெயின்டனன்ஸைக் காட்டுகிறது, மெயின்டனன்ஸ் என்னைக் காட்டுகிறது.

27 மார்ச், அதிகாலை 3.30

தூக்கம் போனது போனதுதான், எழுதிவிடுகிறேன்.

நேற்று இரண்டாம் மாடியை ஓப்பனிலிருந்து மூடிய நிலைக்கு மாற்றினேன். இனி பெயர் சொல்லாமல் ஒரு பாக்கெட்கூட உள்ளே போகாது. பகலில் எல்லாம் பச்சை. இரவு 11 மணிக்கு ஜெனரேட்டர் மாற்றத்தில் ஒரு ரேக் அணைந்து எழுந்தது. 11.40க்கு ரத்த வங்கி டெக்னீஷியன் அழைத்தார். ‘சார், லாகர் ஸ்க்ரீன்ல சிவப்பா ஒரு கோடு ஓடுதுங்க, அலாரம் எஸ்.எம்.எஸ். எதுவும் வரலைங்க.’ ரத்தப் பைகள் இருக்கும் ஃப்ரிட்ஜ் 2 முதல் 6 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜுக்கு ஒன்றும் ஆகவில்லை, 4 டிகிரி காட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அது ஏறினால் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்தப் பெண் விடியும்வரை அரைமணிக்கு ஒருமுறை கையால் எழுதி வைத்தார்.

காரணம் நான் மேலே சொன்ன ஒரே குரல். லாகரும் யு.டி.எச்.சி.பி., கேமராவும் யு.டி.எச்.சி.பி. நாக் இதை ‘தெரியாத குட்டிச் சாதனம்’ என்று தனிமைக்கு அனுப்பிவிட்டது. தவறு என்னுடையது.

2 ஏப்ரல்

27ஆம் தேதி எழுதியதில் பாதி தவறு. சர்வரின் லாக் பதிவை உட்கார்ந்து படித்தேன்.

நாக் அந்த லாகரைத் தனிமைக்கு அனுப்பவே இல்லை. சரியாக அடையாளம் கண்டு, சரியான வி-லேனில்தான் (நெட்வொர்க்குக்குள் பிரித்த தனி அறை) விட்டிருக்கிறது. ஆனால் 90 வினாடி கழித்து! எங்கள் சுவிட்சில் 802.1எக்ஸ் கேள்வி 30 வினாடிக்கு ஒருமுறை, மொத்தம் மூன்று முறை போகும். அதன் பிறகுதான் எம்.ஏ.பி. லாகருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. நாலைந்து முறை ஐ.பி. கேட்டது, கிடைக்கவில்லை, 169.254 என்று தானே ஒரு முகவரி போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. கதவு திறந்தபோது அது கேட்பதையே விட்டிருந்தது. ஓப்பன் மோடில் இது தெரியாது, ஏனென்றால் அங்கே விசாரணை முடிவதற்குள்ளேயே டி.எச்.சி.பி. போய்வந்துவிடும்.

மருந்து: ஊமைச் சாதனம் இருக்கும் போர்ட்களில் எம்.ஏ.பி. முதலில், முன்னுரிமை மட்டும் 802.1எக்ஸுக்கு. மற்ற இடங்களில் 30ஐ 10 ஆக்கினேன். அதோடு முழு மூடலைக் கைவிட்டு நடு வழிக்கு வந்துவிட்டேன்: பெயர் சொல்வதற்கு முன்பே டி.எச்.சி.பி.யும் டி.என்.எஸ்.ஸும் (தளத்தின் பெயரைச் சொல்லி ஐ.பி. கேட்பது) மட்டும் போகலாம் என்று போர்ட்டில் ஒரு ஏ.சி.எல்., அதாவது அனுமதிப் பட்டியல்.

தனிமைப்படுத்தல் மேல் பழி போட்டதற்கு அதனிடம் மன்னிப்பு. அந்த டெக்னீஷியனிடம் நேரில் கேட்டுவிட்டேன், லட்டோடு.

21 ஏப்ரல்

எங்கள் குழுவில் குவாரன்டைனுக்குப் பெயர் ‘தகரம் அடிப்பது’. 2020இல் கொரோனா வந்த வீட்டு வாசலில் தகரம் அடித்தார்களே, அது. ‘அண்ணா, ஆர்த்தோ ஓ.பி.யில் ஒரு பி.சி. 445இல் ஊரெல்லாம் கதவு தட்டுது, தகரம் அடிச்சிடட்டா?’ இப்படித்தான் பேச்சு. (445 என்பது விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்கான போர்ட் எண். கேபிள் சொருகும் போர்ட் வேறு, இது மென்பொருளின் கதவு எண்.)

எதைக் கொண்டு அடிப்பது என்பதில் முதலில் எனக்குத் தெளிவில்லை. எல்லாப் பாடத்திலும் தனிமை வி-லேனுக்கு மாற்று என்றுதான் இருக்கிறது. மாற்றினேன். ஆனால் பி.சி.க்குத் தான் இடம் மாறியது தெரியவே இல்லை, பழைய ஐ.பி.யைப் பிடித்துக்கொண்டு அமைதியாகச் செத்துக்கிடந்தது. ‘உங்கள் கணினியில் பிரச்சினை, இந்த எண்ணை அழைக்கவும்’ என்ற பக்கமும் வரவில்லை. சரி, சி.ஓ.ஏ. (ரேடியஸ் சர்வர் சுவிட்சுக்கு நடுவில் அனுப்பும் உத்தரவு) வழியாகப் போர்ட்டையே அணைத்து எழுப்பச் சொன்னேன். அந்தப் பி.சி. ஒரு ஐ.பி. போனுக்குப் பின்னால் இருந்தது. போனுக்கு மின்சாரம் வருவதும் அதே போர்ட்டின் பி.ஓ.ஈ.யில்தான் (நெட்வொர்க் கேபிளிலேயே வரும் மின்சாரம்). பிரசவ வார்டு கவுன்டரில் போன் இரண்டரை நிமிடம் செத்துப் பிழைத்தது. சிஸ்டர் என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது.

நிலையான ஐ.பி. போட்ட கேமராவுக்கோ வி-லேன் மாற்றம் என்பது ஊரைவிட்டே அனுப்புவது. புது இடத்தில் அதன் முகவரிக்கு வேலையே இல்லை.

இப்போது செய்வது: வி-லேனைத் தொடுவதில்லை. இருந்த இடத்திலேயே ரேடியஸ் வழியாக ஒரு இறுக்கமான ஏ.சி.எல்லை இறக்குகிறேன். சி.ஓ.ஏ. அனுப்பினால் ‘மறுபடி விசாரி’ மட்டும், ‘அணைத்து எழுப்பு’ கிடையாது. வி-லேன் மாற்றம் வைஃபைக்கு மட்டும். அங்கே இணைப்பைத் துண்டித்தால் தானே மறுபடி வந்து ஐ.பி. கேட்கும். சி.ஓ.ஏ. போக யு.டி.பி. 3799ஐ ஃபயர்வாலில் திறந்துவிடுங்கள். அதை மறந்து அரைநாள் வீணாக்கிய பெருமையும் எனக்கு உண்டு.

22 ஏப்ரல்

நேற்று விட்டுப்போனது. தனிமை வி-லேன் வைத்திருப்பவர்கள், உள்ளே இருப்பவை ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி போர்ட்களைப் பிரித்து வையுங்கள். காய்ச்சல்காரர்கள் எல்லோரையும் ஒரே பாயில் படுக்க வைத்தால் இல்லாதவனுக்கும் வந்துவிடும்.

12 மே

இன்று தேதியைப் பார்த்ததும் நினைவு வந்தது. 2017 மே 12, வான்னாக்ரை ரான்சம்வேர் தாக்குதல். அதற்கான பேட்ச் மார்ச்சிலேயே வந்திருந்தது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகளையே தள்ளிப்போட்டார்கள்.

எங்களிடம் ஒரு அல்ட்ராசவுண்ட் மெஷின் இருக்கிறது, உள்ளே விண்டோஸ் 7. அதற்கு ஆதரவு 2020 ஜனவரி 14ஓடு முடிந்தது. பேட்ச் போட்டால் சர்வீஸ் ஒப்பந்தம் செல்லாது என்று விற்ற நிறுவனம் எழுத்திலேயே கொடுத்திருக்கிறது. பாதுகாப்பு ஓட்டை தேடும் எந்த ஸ்கேனர் கேட்டாலும் அதற்குச் சிவப்புதான் போடும். தம்பியின் ‘முதலில் பூட்டு’ விதிப்படி அது தகரத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது கர்ப்பிணிகள் அதில் பார்க்கிறார்கள்.

பூட்டுவதும் விடுவதும் தவிர மூன்றாவது ஒன்று இருக்கிறது, நான் அதை வேலி என்கிறேன். அந்த மெஷின் ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் பேக்ஸ் சர்வருக்கு, மருத்துவப் படங்களுக்கான டைகாம் முறையின் போர்ட் 104இல் படம் அனுப்பலாம், ஒர்க்லிஸ்ட் (அன்றைய நோயாளிப் பட்டியல்) வாங்கலாம், நேரம் கேட்கலாம். முடிந்தது. இணையம் கிடையாது, பக்கத்து பி.சி. கிடையாது, 445 எந்தப் பக்கமும் கிடையாது. சர்வீஸ் இன்ஜினியர் தொலைவிலிருந்து வர வேண்டுமென்றால் பயோமெடிக்கல் எனக்கு போன் செய்யும், நாலு மணி நேரத்துக்குத் திறப்பேன், தானே மூடிக்கொள்ளும். ஆபத்து மெஷினுக்குள் அப்படியேதான் இருக்கிறது. வெளியே நடமாட இடம் இல்லை, அவ்வளவுதான்.

2022 நவம்பரில் சைபர் தாக்குதலில் டெல்லி எய்ம்ஸ் முடங்கியதற்கு நெட்வொர்க்கைச் சரியாகப் பிரிக்காததைத்தான் நாடாளுமன்றத்தில் அரசு காரணமாகச் சொன்னது. பாதிக்கப்பட்டது ஐந்து சர்வர், சுமார் 1.3 டெராபைட் தகவல். எங்கள் நிர்வாக இயக்குநரிடம் வேலிக்கான செலவுக்குக் கையெழுத்து வாங்க அந்த ஒரு பத்தி போதுமாக இருந்தது.

17ஆம் போர்ட் விருந்தாளிக்கும் இன்று வேலி போட்டேன். டி.என்.எஸ்., என்.டி.பி. மட்டும். புகார் இல்லை. கமிட்டி மனு ‘பரிசீலனையில்’.

30 ஜூன், காலை

நேற்று இரவு இந்தியா உலகக் கோப்பை ஜெயித்தது. எங்கள் மூன்றாம் மாடி பிரிண்டரும் பார்த்தது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இரவு 8.15க்கு நாக் எச்சரிக்கை: பிரிண்டர் என்று பதிவான மேக், டி.எச்.சி.பி.யில் திடீரென்று விண்டோஸ் மாதிரி பேசுகிறது, ஹோஸ்ட் பெயரும் மாறிவிட்டது. பிரிண்டருக்கு இணையம் வேலி தாண்டிக் கிடைக்காதே என்று பார்த்தால், டோனர் அளவைத் தயாரிப்பாளருக்குச் சொல்வதற்காக 443ஐ (இணையதளங்கள் பேசும் போர்ட்) நானே எல்லா முகவரிக்கும் திறந்து வைத்திருக்கிறேன். பயிற்சி மருத்துவர் ஒருவர் பிரிண்டரின் பின்னால் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்து அந்த மேக்கைத் தன் லேப்டாப்பில் போட்டு, பிரிண்டர் கேபிளைக் கழற்றிச் சொருகியிருக்கிறார். முகமூடி என்று பிப்ரவரியில் சொன்னேனே, இதுதான்.

விதிப்படி உடனே தகரம் அடித்திருக்க வேண்டும். கடைசி ஓவர் முடிந்ததும் அடித்தேன். இதை யாரும் எங்கள் ஆடிட்டரிடம் காட்ட வேண்டாம்.

1 ஜூலை

நேற்றைய நோட்டைப் படித்துவிட்டு ‘அப்படியென்றால் எம்.ஏ.பி. பாதுகாப்பே இல்லையா’ என்று மூன்று பேர். இல்லை. மேக் என்பது பெயர்ப்பலகை, பூட்டு அல்ல. மேக்கை மட்டும் நம்பி எதையும் பெரிதாகத் திறக்காதீர்கள், எம்.ஏ.பி.யில் வந்தவருக்குக் கொடுக்கும் அனுமதி, அதைத் திருடினாலும் லாபம் இல்லாத அளவுக்குச் சின்னதாக இருக்கட்டும். பிரிண்டர்களின் 443ஐ மூடிவிட்டேன். டோனர் தீர்ந்தால் யாராவது வந்து சொல்வார்கள்.

இன்னொருவர் நோயாளிகளின் மொபைல் பற்றிக் கேட்டார். ஆண்ட்ராய்டு 10, ஐ.ஓ.எஸ். 14 முதல் போன்கள் வைஃபைக்கு ஒரு பொய் மேக்கைக் காட்டுகின்றன. முதல் பைட்டின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ என்று இருந்தால் அது சொந்தப் பெயர் அல்ல. அவற்றை அடையாளம் காண முயற்சியே செய்யவில்லை. விருந்தினர் வைஃபை, நேரே இணையம், உள்ளே ஒன்றும் தெரியாது.

12 ஜூலை

ரேடியஸில் கண்டுபிடித்த பிளாஸ்ட்ரேடியஸ் ஓட்டை பற்றிய செய்தி பார்த்திருப்பீர்கள், சி.வி.ஈ. 2024-3596. ரேடியஸ் இன்னும் எம்.டி.5 என்ற பழைய சரிபார்ப்புக் கணக்கை நம்பிக்கொண்டிருப்பதால், சுவிட்சுக்கும் சர்வருக்கும் நடுவில் உட்கார முடிந்தவர் ‘வேண்டாம்’ என்ற பதிலை ‘வரலாம்’ என்று மாற்றிவிடலாம். 802.1எக்ஸ் தப்பித்தது, அதன் உரையாடலான ஈ.ஏ.பி. போகும் பாக்கெட்டில் மெசேஜ்-ஆத்தென்டிகேட்டர் என்ற முத்திரை கட்டாயம். அடிபடுவது எம்.ஏ.பி. மாதிரி முத்திரை இல்லாமல் போகிறவை. அதாவது நம் பிரிண்டர், லாகர், கேமரா எல்லாம். எங்கள் ரேடியஸ் மென்பொருளான ஃப்ரீரேடியஸைப் புதுப்பித்து, முத்திரை இல்லாத எதையும் ஏற்காதே என்று போட்டேன். உடனே ஆறு பழைய சுவிட்ச்கள் ஊமையாகிவிட்டன. அவற்றின் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க இரண்டு இரவு. அதுவரை அந்த ஆறுக்கு மட்டும் விலக்கு.

25 ஆகஸ்ட்

தம்பி கேட்டது: சாதனங்களை ஸ்கேன் செய்து ஓட்டை இருந்தால் தானாகத் தகரம் அடிக்கலாமா?

நாங்கள் வாங்கிய ஸ்கேனரை ஒரு ஞாயிறு பில்லிங் பக்கம் விட்டேன். பிரிண்டர்கள் 9100ஆம் போர்ட்டில் எது வந்தாலும் அச்சடிக்கும். ஸ்கேனர் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் ஒரு தாள், தாளில் ஒரு வரி. திங்கள் காலை வந்தபோது தரையெல்லாம் காகிதம். என்மேப் என்ற இலவச ஸ்கேனர் இந்தக் காரணத்துக்காகவே வெர்ஷன் சோதனையில் 9100ஐ வழக்கமாகத் தொடாது. எங்கள் ஸ்கேனருக்கு அந்த நாகரிகம் இல்லை. இது பிரிண்டர், சிரித்துவிட்டுப் போகலாம். பழைய மருத்துவக் கருவிகள் இதே கேள்விக்கு உறைந்துபோகும் என்பது ஊரறிந்தது. நோயாளியோடு இணைந்திருக்கும் எதையும் நான் ஸ்கேன் செய்வதில்லை, போகிற வருகிற டிராஃபிக்கைப் பார்ப்பதோடு சரி.

தானியங்கித் தகரம் இரண்டு விஷயத்துக்கு மட்டும் வைத்திருக்கிறேன். பி.சி. ஒன்று 445இல் நிறைய பேரைத் தட்டினால். மேக்கும் டி.எச்.சி.பி. குரலும் பொருந்தாமல் போனால். மற்றதெல்லாம் மனிதர் பார்த்து. அதிலும் ஐ.சி.யூ., தியேட்டர், ரத்த வங்கி, லிஃப்ட் போன் என்ற பட்டியலுக்குத் தானியங்கியின் கை நீளாது. எங்கள் அமைப்பிலேயே நான் அதிக நேரம் செலவிட்டது அந்தத் ‘தொடாதே’ பட்டியலில்தான்.

12 அக்டோபர்

ஆயுத பூஜை முடிந்தது. ரேக்குக்குச் சந்தனம், குங்குமம், மாலை. ஒரு சந்தனப் பொட்டு சரியாக 24ஆம் போர்ட்டின் வாய்க்குள். சீரியல் செட்டுக்குக் கரண்ட் வேண்டுமென்று ரேடியஸ் சர்வரின் பிளக்கைக் கழற்றியவரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். நல்ல வேளை இரண்டாவது சர்வர் வேறு கட்டடத்தில். ஆகஸ்ட் வரை இரண்டும் ஒரே ரேக்கில்தான் இருந்தன, அதைப் பற்றி இங்கே எழுதாமல் மறைத்துவிட்டேன்.

ரேடியஸ் இரண்டுமே போனால் என்ன என்று கேட்பவர்களுக்கு: சுவிட்சில் அவசர வி-லேன் உண்டு. சர்வர் பதில் தராவிட்டால் எல்லோரையும் அதில் விடு என்று சொல்லலாம். வங்கியில் இருந்தால் மூடியிருப்பேன். மருத்துவமனையில் திறந்துதான் வைத்திருக்கிறேன்.

15 டிசம்பர்

வருஷக் கடைசி கணக்கு. ‘யார் பொறுப்பு’ கட்டம் காலியாக இருப்பது இன்னும் ஒன்பது. நாலு சுற்றறிக்கை விட்டாயிற்று. கமிட்டி மனு இன்னும் பரிசீலனையில். பொறுமை போய்விட்டது. வேலிக்குள் இருந்தவை உட்பட ஒன்பதுக்கும் முழுத் தகரம் அடித்துவிட்டேன். ஆமாம் தம்பி, முதலில் பூட்டு, கேள்வி அப்புறம். சிரித்துக்கொள்ளுங்கள்.

16 டிசம்பர், காலை 9.20

17ஆம் போர்ட் கிடைத்துவிட்டது.

பைக்கை நிறுத்தியதும் வாட்ச்மேன் ஓடி வந்தார். ‘ஏனுங்க சார், மார்கழி மொத நாளே பிள்ளையார் கோயில்ல பாட்டு வரலீங்க. நைட் டூட்டிக்காரங்க எல்லாம் கேக்கறாங்க.’

பார்க்கிங் ஓரத்தில் இருக்கும் கோயிலுக்குப் போனேன். ஸ்பீக்கருக்குப் பின்னால் ஒரு பழைய டிஃபன் டப்பா, அதற்குள் ராஸ்பெர்ரி பை. எலக்ட்ரிகலில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் ஐந்து வருஷம் முன்பு செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சுவரில் ஒரு டைமர் 4.20க்குக் கரண்ட் கொடுக்கும், 6.30க்கு நிறுத்தும். 4.30 ஆனால் பாட்டு. பாட்டெல்லாம் கார்டுக்குள்ளேயே இருக்கிறது, நெட்வொர்க் வேண்டியது மணி பார்க்க மட்டும். அந்த ராஸ்பெர்ரி பைக்குள் கடிகார பேட்டரி கிடையாது. என்.டி.பி. கிடைக்காவிட்டால் கடைசியாகக் குறித்து வைத்த நேரத்திலிருந்து தொடங்கும். லினக்ஸ் அதை மணிக்கு ஒருமுறை, 17ஆம் நிமிடத்தில் குறிக்கிறது. இன்று விடிகாலை எழுந்தபோது அதற்கு மணி 6.17. பாட்டு நேரம் முடிந்துவிட்டது என்று கம்மென்று இருந்திருக்கிறது.

நான் ஒன்பது மணிக்கு வருகிறவன். பத்து மாதமாகத் தினமும் அந்தப் பாட்டைக் கேட்டவர்கள் யாரிடமும் நான் கேட்கவில்லை.

பழைய கடவுச்சொல்லை மாற்றி, புதுப்பித்து, வேலிக்குள் திரும்ப விட்டேன். ‘யார் பொறுப்பு’ கட்டத்தில் வாட்ச்மேன் தன் பெயரைப் போடச் சம்மதிக்கவில்லை. ‘பிள்ளையார்னே போட்டுக்கோங்க சார், அவரு நைட்டெல்லாம் இங்கதான இருக்காரு’ என்றார். இப்போதைக்கு அப்படித்தான் போட்டிருக்கிறேன். மொபைல் எண் கட்டம் காலி.